ஆல்பம் வந்துச்சா?

(எபிசோடில் பேசியது பெரும்பாலும் அப்படியே தரப்பட்டுள்ளது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

போன வாரம் காலேஜ் செட் நாலு பேரும் ரொம்ப நாள் கழிச்சு பெசன்ட் நகர் பீச்ல உட்கார்ந்திருந்தோம். சுண்டல் பொட்டலம் கையில. பெங்களூர்லேருந்து வந்தவன் சும்மா கேட்டான், "கென்ட்ரிக் அடுத்த ஆல்பம் எப்படா விடுவான்?" மத்த மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பக்கத்துல இருந்த ஃபேமிலி எங்களைத் திரும்பிப் பாத்தாங்க. அந்தக் கேள்விக்கு ஏன் அப்படி சிரிச்சோம்ங்கறதுதான் இன்னைக்கு எபிசோட்.

கென்ட்ரிக் லமாரை 'நாட் லைக் அஸ்' மூலமா மட்டும் தெரிஞ்சவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. கலிஃபோர்னியாவுல காம்ப்டன்ங்கற ஊர்க்காரர். 2012-ல 'குட் கிட் மேட் சிட்டி', 2015-ல 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை', 2017-ல 'டேம்'. 'டேம்' ஆல்பத்துக்கு 2018-ல புலிட்சர் பரிசு கிடைச்சது. கிளாசிக்கலும் ஜாஸும் இல்லாத ஒரு இசைக்கு அந்தப் பரிசு கிடைச்சது அதுதான் முதல் தடவை.

எங்க கதை அந்த 'டேம்'லதான் ஆரம்பிக்குது. 2017 ஏப்ரல் 14, புனித வெள்ளி. ஆல்பத்தோட முதல் டிராக்லயே கதை சொல்றவரைச் சுட்டுடறாங்க. இது போதாதா ரசிகர்களுக்கு? வெள்ளிக்கிழமை செத்தாச்சு, அப்போ ஞாயித்துக்கிழமை ஈஸ்டர் அன்னைக்கு உயிர்த்தெழணும், அதனால ரெண்டாவது ஆல்பம் ஒண்ணு வரப்போகுதுன்னு இன்டர்நெட் முழுக்க ஒரு தியரி. அவரோட தயாரிப்பாளர் சவுன்வேவ் பூடகமா ஒரு ட்வீட் வேற போட்டுட்டார். அவ்வளவுதான்.

எங்க நாலு பேர்ல யாருமே சர்ச்சுக்குப் போறவங்க இல்ல. ஆனா அந்த வருஷம் ஈஸ்டருக்கு எங்களை மாதிரி கண்விழிச்சவங்க யாரும் இருக்க மாட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். பேரு 'டேம் பார்ட் 2'. ஞாயிறு போச்சு, ஆல்பம் வரல. திங்கக்கிழமை இன்டர்னல் எக்ஸாம், அது மட்டும் கரெக்டா வந்துடுச்சு.

அந்த டிசம்பர்ல 'டேம்' கலெக்டர்ஸ் எடிஷன் வந்துச்சு. புதுப் பாட்டு ஒண்ணும் கிடையாது. அதே 14 பாட்டு, கடைசிலேருந்து முதல் வரைக்கும் வரிசையைத் திருப்பிப் போட்டிருந்தார். அப்படிக் கேட்டா கதையே வேற மாதிரி போகுது. சாவுல ஆரம்பிக்கிற ஆல்பம் சாவுல போய் முடியுது. ஈஸ்டர் அன்னைக்கு எங்கெங்கயோ தேடின ரெண்டாவது ஆல்பம் ஏற்கனவே எங்க போன்லதான் இருந்திருக்கு.

அப்புறம் காலேஜ் முடிஞ்சது. ஒருத்தன் பெங்களூர், ஐடி. ஒருத்தன் கோயம்புத்தூர், அப்பாவோட கடை. அவளும் நானும் சென்னை. உங்க எல்லார் போன்லயும் இப்படி ஒரு காலேஜ் குரூப் இருக்கும். முதல் வருஷம் நாளைக்கு 200 மெசேஜ், மூணாவது வருஷம் பர்த்டேக்கு ஒரு கேக் ஸ்டிக்கர். எங்க குரூப் மட்டும் சாகல. ஏன்னா கென்ட்ரிக் அடுத்த ஆல்பத்தை விடல.

2018-ல 'பிளாக் பேந்தர்' படத்துக்கு அவர் ஒருங்கிணைச்ச ஆல்பம் வந்துச்சு. அதுக்கப்புறம் சொந்த ஆல்பம்னு ஒண்ணும் இல்ல. வாரத்துக்கு ஒரு வதந்தி மட்டும் வரும். போலி டிராக் லிஸ்ட், ஃபோட்டோஷாப்ல பண்ண கவர். எங்க நாலு பேருக்குள்ள ஒரு பழக்கமே வந்துடுச்சு. 'எப்படி இருக்க'ன்னு கேக்க மாட்டோம். "ஆல்பம் வந்துச்சா?"ன்னு போடுவோம். பதிலுக்கு "வரல". அந்த 'வரல'க்கு அர்த்தம், நான் இருக்கேன், வேலைக்குப் போயிட்டு வந்தேன், சாப்ட்டேன்.

ஹிப் ஹாப்ல இந்த மாதிரி காத்திருப்பு புதுசில்ல. கென்ட்ரிக்கைத் தூக்கிவிட்டவங்கள்ல முக்கியமானவர் டாக்டர் ட்ரே. அவரோட '2001' ஆல்பம் வந்தது 1999-ல. அதுக்கு அடுத்து 'டீடாக்ஸ்'னு ஒண்ணு வரும், வரும்னு ஒரு தலைமுறையே காத்துட்டு இருந்துச்சு. 2010, 2011-ல ரெண்டு சிங்கிள்கூட விட்டாங்க. கடைசியில 2015-ல ட்ரே அவரோட ரேடியோ ஷோலயே சொல்லிட்டார், அந்த ஆல்பம் எனக்கே பிடிக்கல, அதான் விடலன்னு. அதுக்குப் பதிலா 'காம்ப்டன்'னு முழுக்க வேற ஆல்பம் கொடுத்தார். 'டீடாக்ஸ்' இன்னைக்கு வரைக்கும் வரல. வராததாலயே அதைப் பத்தி யாராலயும் குறை சொல்ல முடியல. அவங்கவங்க மனசுல அது சூப்பரான ஆல்பமாவே இருக்கு.

சரி, எங்க கதைக்கு வரேன். 2021 மே. ரெண்டாவது அலை. கோயம்புத்தூர்க்காரனோட அப்பா இறந்துட்டார். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், சுடுகாடு, சர்ட்டிஃபிகேட் எல்லாத்துக்கும் அவன் ஒருத்தனே அலைஞ்சான். லாக்டவுன்ல எங்களால போக முடியல. போன் பண்ணா, "ஒண்ணும் இல்லடா, பாத்துக்கறேன்"னு ஒரே பதில். அப்புறம் குரூப்ல அவன் பேசறதே நின்னுடுச்சு. நாங்களும் என்ன எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டோம். அதை நினைச்சா எனக்கு இப்பவும் வெக்கமா இருக்கு. ஆறுதல் சொல்லத் தெரியாதவங்க சும்மாவாவது பக்கத்துல இருந்திருக்கணும். நாங்க அதையும் பண்ணல.

ஆகஸ்ட் 20. ஓக்லாமாங்கற ஒரு வெப்சைட்ல கென்ட்ரிக் ஒரு குறிப்பு போட்டார். இப்போ இருக்கற கம்பெனிக்குக் கடைசி ஆல்பம் பண்ணிட்டு இருக்கேன், மாசக்கணக்குல போன் இல்லாம இருக்கேன், காலையில சைக்கிள் ஓட்டறேன், இந்த மாதிரி. நாங்க நாலு வருஷமா போனைத் தேய்ச்சுட்டு இருக்கோம், அந்த மனுஷன் போனே இல்லாம சைக்கிள்ல போயிட்டு இருக்கார்! அந்த லிங்க்கை குரூப்ல போட்டேன். கோயம்புத்தூர்க்காரன்கிட்டேருந்து மூணு மாசத்துக்கப்புறம் முதல் மெசேஜ். "போன் இல்லாம இருக்கானா? குடுத்து வச்சவன்."

2022 ஏப்ரல் 18. ட்விட்டர்ல யாரோ கென்ட்ரிக் ரிட்டையர் ஆயிட்டார்னு எழுதியிருந்தாங்க. அந்த ட்வீட்டையே எடுத்துப் போட்டு, கூட ஒரு லிங்க் கொடுத்தார். திறந்தா ஆல்பம் பேரு, தேதி. 'மிஸ்டர் மொராலே அண்ட் தி பிக் ஸ்டெப்பர்ஸ்', மே 13. 'டேம்' வந்த நாள்லேருந்து எண்ணிப் பாருங்க, சரியா 1855 நாள். நாங்க மட்டும் எண்ணல. ஆல்பத்தோட முதல் பாட்டுல அவரும் அதே எண்ணைச் சொல்றார்.

நாலு பேரும் லீவு போட்டோம். வீடியோ காலைப் போட்டு, மூணு ரெண்டு ஒண்ணு சொல்லி ஒரே நேரத்துல ப்ளே அமுக்கினோம். 18 பாட்டு, ரெண்டு பாகம். மூணாவது பாட்டு போகும்போதே பெங்களூர்க்காரன் முகத்துல ஒரு குழப்பம். "மச்சி, ஜிம்ல போட ஒரு பாட்டாவது இருக்குமாடா?" அஞ்சாவது பாட்டு 'ஃபாதர் டைம்'. அது ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல கோயம்புத்தூர்க்காரன் கேமராவை ஆஃப் பண்ணான். அப்புறம் காலை விட்டே போயிட்டான். நெட் பிரச்சனைன்னு நினைச்சோம்.

அவளுக்கு வேற பிரச்சனை. ஆல்பம் முழுக்க கோடாக் பிளாக் வந்துட்டே இருக்கார். அவர் மேல பாலியல் வன்முறை வழக்கு இருந்துச்சு. 2021-ல அதை விடச் சின்ன குற்றமான தாக்குதலை ஒத்துக்கிட்டு, புரொபேஷனோட வழக்கு முடிஞ்சது. ஆல்பத்தோட பின்பாதியில 'மதர் ஐ சோபர்'னு ஒரு பாட்டு. கென்ட்ரிக் தன் குடும்பத்துல நடந்த பாலியல் கொடுமையைப் பத்தி மனசு உடைஞ்சு பேசற பாட்டு. அவ கேட்டா, "இந்தப் பாட்டு இருக்கற ஆல்பத்துல அந்த ஆளுக்கு எதுக்குடா இடம்? உடைஞ்சவங்க எல்லாருக்கும் கருணை காட்டறாராம். அடிபட்ட பொண்ணு இந்த ஆல்பத்தைக் கேட்டா என்ன நினைப்பான்னு யோசிச்சாரா?" என்கிட்ட பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல.

ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு கோயம்புத்தூர்லேருந்து போன். "அந்தப் பாட்டுல எங்கப்பா இருக்கார்டா"ன்னான். 'ஃபாதர் டைம்' பாட்டுல ஒரு அப்பா மகனுக்கு வலியைக் காட்டக் கூடாது, அழக் கூடாதுன்னு சொல்லி வளர்க்கறார். இவனுக்கும் அதேதான். பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தப்போகூட அவங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலையாம். அவர் இறந்த அன்னைக்கு இவன் கையெழுத்துப் போட்டான், பணம் கட்டினான், சொந்தக்காரங்களுக்குப் போன் பண்ணான். அழல. ஒரு வருஷமா அழல. அன்னைக்கு வீடியோ கால்ல எங்க முன்னாடி அழுதுடுவோம்னு பயந்துதான் கட் பண்ணியிருக்கான். அந்தப் பாட்டு ஆரம்பத்துலயே கென்ட்ரிக்கோட துணைவி அவரைத் தெரபிக்குப் போகச் சொல்வாங்க. இவனும் அடுத்த மாசம் ஒரு கவுன்சிலரைப் பாக்க ஆரம்பிச்சான். கடைக்காரங்க யாருக்கும் தெரியாம, பஸ் ஏறி வேற ஏரியாவுக்குப் போய்.

இப்போ சிக்கல் எங்கன்னு புரியுதா? ஒருத்தனைக் காப்பாத்தின ஆல்பம். ஒருத்தியால ரெண்டாவது தடவை கேக்க முடியாத ஆல்பம். குரூப்ல ஒருநாள் வெடிச்சது. இவன் எழுதினான், "உனக்கு அந்த ஆல்பம் புரியல." அவ எழுதினா, "புரிஞ்சதாலதான் கேக்கல." அவ்வளவுதான். அதுக்கப்புறம் 'ஆல்பம் வந்துச்சா'வும் இல்ல, 'வரல'யும் இல்ல. ஆல்பம்தான் வந்துடுச்சே. மறுபடி கேக் ஸ்டிக்கர்.

அந்த மாசங்கள்ல எனக்கு ஒண்ணு புரிஞ்சது. நாலு பேரும் ஒரே ஆல்பத்துக்குக் காத்திருக்கோம்னு நினைச்சுட்டு இருந்தோம். அப்படி இல்ல. பெங்களூர்க்காரன் இன்னொரு 'ஹம்பிள்' வரும்னு காத்திருந்தான். அவ, தான் நம்பற மனுஷன் தன் பக்கம் நின்னு பேசுவார்னு காத்திருந்தா. கோயம்புத்தூர்க்காரனுக்கு எதுக்குக் காத்திருக்கோம்னே தெரியாது, கேட்டதும்தான் தெரிஞ்சது. நான்? உண்மையைச் சொல்றேன். எனக்கு ஆல்பத்தை விட அந்தக் காத்திருப்புதான் வேண்டியிருந்துச்சு. அது இருக்கற வரைக்கும் எங்க நாலு பேருக்கும் பேச ஒரு காரணம் இருந்துச்சு. நம்ம நட்பைத் தாங்கற வேலையை, நம்ம பேரே தெரியாத ஒரு மனுஷன் தலையில வச்சிருக்கோம். அதே ஆல்பத்துல 'சேவியர்'னு ஒரு பாட்டே இருக்கு, நான் உங்க ரட்சகன் இல்லன்னு சொல்ல. அதையும் கேட்டுட்டு 'செம்ம பீட் மச்சி'ன்னு நகர்ந்துட்டோம்.

2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. எந்த அறிவிப்பும் இல்லாம கென்ட்ரிக் 'ஜிஎன்எக்ஸ்' ஆல்பத்தை விட்டார். தியரி இல்ல, தேதி இல்ல, எண்ண ஒரு நாள்கூட இல்ல. எனக்கு அது தெரிய வந்தது எப்படி தெரியுமா? ரெண்டரை வருஷமா தூங்கிட்டு இருந்த 'டேம் பார்ட் 2' குரூப்ல ஒரு மெசேஜ். அவகிட்டேருந்து. "ஆல்பம் வந்துச்சு."

ஒரு நிமிஷம்கூட ஆகல, கோயம்புத்தூர்லேருந்து பதில். "எல்லாரும் இருக்கீங்களா? கால் போடட்டுமா?" பெங்களூர்க்காரன் அடுத்த நாள் ஜிம்முக்கு ஆறு பாட்டு கிடைச்சதுன்னு சந்தோஷமா சொன்னான்.

பழைய சண்டை தீர்ந்துச்சான்னு கேட்டா, இல்ல. போன வாரம் பீச்ல அதே சண்டை திரும்ப நடந்துச்சு. அவ அதே கேள்வியைக் கேட்டா. அவன் இந்தத் தடவை "புரியல"ன்னு சொல்லல. "நீ கேக்கறது சரிதான். ஆனா அது இல்லாம நான் அந்த டாக்டரம்மாகிட்ட போயிருக்க மாட்டேன்"ன்னான். அவ கொஞ்ச நேரம் கடலைப் பாத்துட்டு, "போனியே, அது போதும். ஆனா நான் கேக்க மாட்டேன்"ன்னா. சரின்னு அவன் சுண்டலை நீட்டினான். அப்போதான் பெங்களூர்க்காரன் அடுத்த ஆல்பம் எப்பன்னு கேட்டான். சிரிக்காம என்ன பண்றது!

அடுத்தது எப்போ வரும்னு எனக்குத் தெரியாது மக்களே. ஆனா இந்தத் தடவை வதந்திக்காகக் காத்திருக்காம நாங்களே மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணிக்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். உங்களுக்கும் அப்படித் தூங்கிட்டு இருக்கற ஒரு குரூப் இருந்தா, இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரு மெசேஜ் போடுங்க. நீங்க எந்த ஆல்பத்துக்காக, யாரோட சேர்ந்து காத்திருந்தீங்கன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பாக்கலாம். பை.