விளக்கெண்ணெய் குடித்த விமானம்



பிள்ளைக்கு வயிறு கட்டிக்கொண்டால் நம் பாட்டிமார் தேடும் புட்டி எது? விளக்கெண்ணெய்ப் புட்டிதான். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் கிடைக்கும் இந்த எண்ணெய், ஒரு காலத்தில் ஆகாய விமானத்துக்கும் வேண்டியிருந்தது. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

1911 மார்ச்சில் சிங்கப்பூர் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் ஒரு விமானம் பறந்தது. அதை ஓட்டியவர் பெல்ஜியம் நாட்டவரான ஜோசப் கிறிஸ்தியான்ஸ். அது பிரிஸ்டல் பாக்ஸ்கைட் என்ற வகை. மரச்சட்டமும் துணியும் சேர்த்துக் கட்டிய பெரிய காற்றாடி போல இருக்கும். அவ்வகை விமானங்களில் வழக்கமாகப் பொருத்தப்பட்டது 'நோம்' என்ற பிரெஞ்சு இஞ்சின். செகுவான் சகோதரர்கள் 1908இல் உருவாக்கியது. எடை சுமார் 75 கிலோ. வலிமை 50 குதிரைச் சக்தி.

இதில் என்ன புதுமை? தாய்மார்களே, ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கல் அசையாது, குழவி சுற்றும். மின்சார மாவரைக்கும் இயந்திரத்திலோ பாத்திரம் சுற்றும், குழவி இருந்த இடத்திலேயே இருக்கும். நோம் இஞ்சினும் அப்படித்தான். மற்ற இஞ்சின்களில் சிலிண்டர்கள் நிற்க, நடுத்தண்டு சுழலும். இதிலோ நடுத்தண்டை விமானத்தோடு அசையாமல் பூட்டிவிட்டார்கள். ஏழு சிலிண்டர்களும் விசிறியோடு சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 1,200 முறை சுழன்றன. படகில் நின்று கரையைத் தள்ளினால் கரை நகராது, படகுதான் நகரும். தண்டு கரை; சிலிண்டர்கள் படகு.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சூட்டைத் தணிக்கத்தான். மோட்டார் சைக்கிள் ஓடும்போது காற்றுப் பட்டு இஞ்சின் ஆறுகிறது. நின்றபடி ஓடவிட்டால் கொதிக்கிறது. அக்கால விமானங்களோ மெதுவாகப் பறந்தவை. தண்ணீர்த் தொட்டி வைத்தால் பாரம் கூடும். சிலிண்டரே சுழன்றால் தனக்கு வேண்டிய காற்றைத் தானே தேடிக்கொள்ளும் அல்லவா? 1909 ஆகஸ்டில் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் ஹென்றி ஃபார்மன் இந்த இஞ்சினைக் கொண்டு 180 கிலோமீட்டர் பறந்து பரிசு வென்றார்.

இனி விளக்கெண்ணெய்க்கு வருவோம். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி, துளையிட்ட தண்டின் வழியே இஞ்சினின் நடுவயிற்றுக்குள் போய்ப் பிறகுதான் சிலிண்டரை அடையும். மசகெண்ணெய் இருப்பதும் அங்கேதான். சாதாரண மசகெண்ணெய் பெட்ரோலில் கரைந்து வழவழப்பை இழந்துவிடும். விளக்கெண்ணெய் எளிதில் கரையாது. ஆனால் உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. சுழற்சி வேகத்தில் புகையோடு வெளியே தெறிக்கும். விமானியின் முகத்திலும் மூக்கிலும் வாயிலும் படும். விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகளைக் கேளுங்கள்!

சிரித்துவிட்டோம், ஆனால் உயிர்ச்சேதமும் இருந்தது. வேகமாகச் சுழலும் பம்பரம் சாய்த்த பக்கம் சாயாமல் வேறு பக்கம் திமிறும். கனமான இஞ்சினும் அப்படியே திமிறியது. முதல் உலகப் போரில் பறந்த சோப்வித் கேமல் விமானத்தை வலப்புறம் திருப்பினால் மூக்கு கீழே இறங்கும், இடப்புறம் திருப்பினால் மேலே எழும்பும். இந்தக் குணம் பிடிபடாத இளைஞர்கள் பலர் பயிற்சியிலேயே மாண்டார்கள். குணமறிந்து ஓட்டியவர்களுள் ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த ஹர்தித் சிங் மாலிக். 1917 அக்டோபரில் காலில் குண்டு பாய்ந்த நிலையிலும் கேமலைத் தம் படையினர் பக்கம் கொண்டுவந்து இறக்கி உயிர் பிழைத்தார். பின்னாளில் இந்தியாவின் தூதராகவும் பணியாற்றினார்.

சக்தியைக் கூட்டக் கூட்ட, சிலிண்டர்கள் காற்றைக் கிழித்துச் சுழல்வதிலேயே பெரும் பங்கு வீணானது. எண்ணெய்ச் செலவும் மிகுந்தது. 1918இல் போர் முடிந்தபின் இவ்வகை இஞ்சின் மெல்ல மறைந்தது.

தோட்டத்து இளைஞர்களே, சுபாங்கில் இறங்கும் விமானமானாலும் உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். எது நிற்கிறது, எது சுழல்கிறது? சூடு எங்கே போகிறது? எண்ணெய் எங்கே போகிறது? இவற்றைக் கேட்கப் பழகியவருக்கு எந்த இயந்திரமும் அந்நியமல்ல. ஆட்டுக்கல்லைப் புரிந்துகொண்டவர் ஆகாய விமானத்தையும் புரிந்துகொள்ளலாம்.