ஓலையில் இல்லாத பெயர்கள்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

‘வாக்குரிமையும் தகுதியும்’ என்னும் பொருளில் பேச இசைந்துள்ளேன். இலக்கிய மேடையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். முன்பொரு கவியரங்க இடைவேளையில் நண்பர் ஒருவர் கேட்டார்: “கையொப்பம் இடத் தெரியாதவனுக்கும் ஒரு வாக்கு, நூல் பல எழுதிய புலவனுக்கும் ஒரு வாக்கு. இது என்ன நீதி?” சூழ்ந்திருந்தோர் சிரித்தோம், நானும் சிரித்தேன். வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. அந்த உறுத்தலே இவ்வுரை.

தகுதி பார்த்துத் தேர்வு செய்த முறை தமிழர்க்குப் புதிதன்று. நம் பக்கத்து வீராணம் ஏரிக்கு வீரநாராயணன் என்னும் தன் பெயரை ஈந்த முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டுகள் பொறிக்கப்பெற்றன. வாரியத்திற்கு வருபவன் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் உடையவனாதல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவனாதல் வேண்டும். வேதம் கற்றவனாதல் வேண்டும். பிந்திய கல்வெட்டு 35 முதல் 70 வரை வயது வரம்பும் விதித்தது. ஒரு வேதமும் ஒரு பாடியமும் அறிந்தவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்ற சலுகையும் உண்டு. ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர்.

இம்முறையை எண்ணி நாம் பெருமை கொள்கிறோம், தகும். கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் விலக்கிய நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அது பிராமண ஊரின் சபை. அதே ஊரின் வயலில் நாற்று நட்டவர் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. தகுதியை வகுத்தோர் யார்? நிலமும் வேதமும் உடையோர். வகுத்த தகுதி எது? நிலமும் வேதமும். அளவுகோலை ஆக்குபவன் தன் உயரத்திற்கே அதை ஆக்கிக்கொள்கிறான் என்பதை அக்கல் நமக்குக் காட்டுகிறது.

ஆயிரம் ஆண்டுகள் கடந்து, 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. அப்போதும் நிலமும் வரியுமே வாக்கின் வாயில்கள். நாலு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழ 12½ லட்சம் பேரே வாக்காளர், நூற்றுக்கு மூவர். நம் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களில் பட்டா எவர் பெயரில் இருந்ததோ அவர்க்கே வாக்கு; ஏர் எவர் கையில் இருந்ததோ அவர்க்கு இல்லை. 1921இல் பெண்களுக்கு வாக்களித்த முதல் மாகாணம் என்ற புகழ் சென்னைக்கு வந்தது. ஆனால் சொத்துத் தகுதி அப்படியே நின்றமையால், அந்தக் கதவு சிலருக்கே திறந்தது. ஒடுக்கப்பட்டோர் குரலாக அவையில் அமர்ந்த எம். சி. ராஜா அவர்களும் ஆளுநரின் நியமனத்தால் அமர்ந்தவர். தம் மக்களின் வாக்கால் அல்லர். சிதம்பரத்தில் நந்தனார் பள்ளி கண்ட சுவாமி சகஜானந்தர் கல்விக்காகப் பாடுபட்ட காலமும் அதுவே. படிக்க விடாமல் தடுத்துவிட்டு, ‘படிக்காதவனுக்கு வாக்கு எதற்கு?’ என்று கேட்பது எவ்வகை நீதி?

1928இல் சைமன் குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு வேண்டும் என்றார். பின்னர் அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு அதனை உறுதி செய்தது. 1951-52 தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளர் ஆயினர். அன்று எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவே. கல்வித் தகுதி வைத்திருந்தால் நாட்டில் பெரும்பாலோர் வெளியே நின்றிருப்பர். எழுத்தறியாதோர்க்காகச் சின்னங்கள் வந்தன. மதிய உணவுத் திட்டம் 1956இல் மாநிலப் பள்ளிகளில் பரவத் தொடங்கியதும் இதன் பின்னரே. வெறுங்காலுடன் வந்த பிள்ளையின் தாய் தந்தையர் வாக்காளர் ஆன பிறகுதான் அப்பிள்ளையின் பசி அரசின் கணக்கில் ஏறியது என்பது என் துணிபு.

ஈழத்தையும் நோக்குவோம். இலங்கையில் 1931இலேயே பொது வாக்குரிமை வந்தது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் ஆதரவில் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. தேயிலைக் கூடையன்றி வேறு ஆவணம் அறியாத மக்கள் எங்கே போவர்? 1949இல் வாக்கும் பறிபோயிற்று. 1952இல் அவர்களுள் ஒருவரும் தேர்வு பெறவில்லை. அங்கே நிலம் கேட்கவில்லை, கல்வி கேட்கவில்லை; காகிதம் கேட்டார்கள். தகுதி என்னும் வாள் எந்த உறையிலும் புகும்.

இஃது பழங்கதை என்று எண்ணற்க. அரியானாவில் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் (பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் சற்றுத் தளர்த்தி), வீட்டில் கழிப்பறையும் வேண்டும் என்ற சட்டத்தை 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது வேட்பாளர்க்குரிய தகுதிதான். ஆயினும் கழிப்பறை இல்லாதவள் அல்லவா கழிப்பறைக்காகப் பேச வேண்டியவள்?

மறுப்பும் எனக்குத் தெரியும். ‘பணத்திற்கு வாக்கை விற்கிறார்களே’ என்பீர்கள். உண்மை, வெட்கத்திற்குரியது. ஆனால் வாங்கும் கையை மட்டும் பார்க்கிறோம். கொடுக்கும் கை எவருடையது? சொத்துடையவன் கை அல்லவா? விலை பேசுவோன் சொத்தால் தகுதி பெறுவான்; வறுமையால் விற்றவன் தகுதி இழப்பான் என்றால், நோயை விட்டு நோயாளியை ஒழிப்பதாகும். வாக்கு அறிவுக்குத் தரும் பரிசன்று. சட்டம் எவரை வருத்துமோ அவர் அதைக் கேள்வி கேட்க உள்ள ஒரே கருவி. கூலி குறைந்தால் முதலில் அறிபவர் அறிஞர் அல்லர், கூலியாள். கடைமடையில் நீர் வராததைக் கடைமடைக்காரன் அறிவதுபோல் தலைமடைக்காரன் அறியான்.

கவிஞர்களே, இறுதியாக உங்களிடம் ஒன்று. நம் மரபின் பாணரையும் புலவரையும் எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராய் நடந்து, பரிசில் பெற்று உண்டவர்கள். கால் வேலி நிலம் ஏது? சொந்த மனை ஏது? அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார் உத்திரமேரூரில் பிறந்திருந்தால், நிலமில்லை, மனையில்லை, வேதமில்லை, ஆணுமில்லை என்று அவர் பெயரை ஓலையில் எழுதியிருக்க மாட்டார்கள். தகுதிப் பட்டியலை எங்கே தொடங்கினாலும் முதலில் வெளியேறுபவள் நம் மூத்த கவியே. அன்று நண்பருடன் சேர்ந்து நான் சிரித்தது அவரைப் பார்த்துத்தான் என்று இன்று உணர்கிறேன்.

அடுத்த தேர்தலில் வரிசையில் நிற்கும்போது நமக்கு முன்னே ஒரு மூதாட்டி நிற்கலாம். அவர் விரலில் வைக்கும் மையும் நம் விரலில் வைக்கும் மையும் ஒன்றே. அந்த ஒருமையைக் காப்பது நம் எழுத்தின் கடன்.