நம் வீட்டுக் கதவு நமக்கே அடைபட்டால்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

மாட்டுப்பட்டி அணையை அண்டிய தேயிலைக் காட்டில் வாழும் நாம், நம் சங்கத்திற்கென ஓர் இணையதளம் அமைத்து, நாமே அதனைக் காத்து வருகிறோம். பழைய ஆண்டு மலர்களும், லயத்து முதியோர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அங்கே உள்ளன.

சென்ற ஆண்டு, திருப்பூரில் பணிபுரியும் நம் குடியிருப்புப் பெண் ஒருவர், மறைந்த அன்னையின் நினைவு நாளில் அவர் பாடிய தாலாட்டைக் கேட்க விழைந்தார். திரையில் தோன்றியதோ, '403, அனுமதி இல்லை' என்னும் வரி! தாயின் குரலைக் கேட்க மகளுக்கு அனுமதி இல்லையாம்! தொலைபேசியில் அவர் அழுத அழுகை இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது.

நாம் பதறினோம். "உரிமையை 777 என்று மாற்றிவிடுங்கள், எல்லாம் திறந்துகொள்ளும்" என்றார் ஒருவர். நல்லவேளை, நாம் அதைச் செய்யவில்லை. ஏன் என்று கூறுவோம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் கூடினால் 7. முதல் இலக்கம் உரிமையாளர்க்கு, இரண்டாவது அவர் குழுவினர்க்கு, மூன்றாவது ஏனையோர்க்கு. ஆகவே 777 என்பது அந்தக் கணினியில் இடம் பெற்ற எவரும் எழுதலாம், அழிக்கலாம் என்று விடுவதாகும். சாவி தொலைந்ததென்று கதவையே பெயர்த்தெறிவார் உண்டோ?

பின்னர் நிதானித்து, அந்த எண் கூறுவதைக் கேட்டோம். 404 என்றால் கேட்ட பொருள் அவ்விடத்தில் இல்லை. 500 என்றால் வழங்கிக் கணினியின் உள்ளே கோளாறு. 403 என்றால், கேட்டது விளங்கிற்று, ஆயினும் தர மறுக்கிறது. எனவே பாடல் அழிந்தது என்று அஞ்சவேண்டியதில்லை. காவல் தடுக்கிறது என்பதே பொருள்.

அடுத்துச் செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, வேறொரு தொலைபேசியில், வேறோர் இணைப்பில் பார்ப்பது. ஒருவர்க்கு மட்டும் தடையெனில், பாதுகாப்பு நிரல் அவரைத் தடுத்திருக்கலாம். இரண்டாவது, வழங்கியின் பிழைப்பதிவேட்டைப் படிப்பது. மூன்றாவது, கடைசியாகச் செய்த மாற்றம் யாதென வினவுவது. நான்காவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது. பயனில்லையேல் அதனைப் பழைய நிலைக்கே மீட்பது.

முதற்படியில், தடை எங்கும் உள்ளதெனக் கண்டோம். ஆனால் பதிவேட்டைத் திறக்கும் கடவுச்சொல் ஒரே இளைஞரிடம் இருந்தது. அவரோ பணிநிமித்தம் வெளியூரில் இருந்தார். அவர் வர மூன்று நாள் ஆயிற்று. பதிவேடு ஒரே வரியில் உண்மையை உரைத்தது: குரற்பதிவுகள் உள்ள கோப்புறைக்குள் நுழைய உரிமையில்லை. முந்திய வாரம், பாதுகாப்புக் கருதி அனைத்திற்கும் 644 என்று அவர் இட்டிருந்தார். கோப்புகளுக்கு அது தகும். கோப்புறைக்குள் நுழையவோ 1 என்னும் உரிமையும் வேண்டும். ஆகவே கோப்புறைக்கு 755 என மாற்றினோம். தாலாட்டு ஒலித்தது. ஆனால் நினைவு நாள் கடந்துவிட்டது.

குற்றம் அந்த இளைஞருடையதன்று. ஒருவரிடமே திறவுகோலை ஒப்படைத்து உறங்கிய நம்முடையது.

பிறர் இடத்தில் வைத்தால் கவலையில்லை என்பீரோ? 2009-இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது, அங்கே குடியிருந்த பக்கங்கள் இடமிழந்தன. 1963-இல் சுவிஸ் நாட்டு உதவியுடன் நம் மாட்டுப்பட்டியில் கால்நடைத் திட்டம் தோன்றியதை அறிவோம். அதே சுவிஸ் நாட்டில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழர் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் கைகொடுத்ததால், தமிழ் நூல்கள் இன்றும் இணையத்தில் எவர்க்கும் கிட்டுகின்றன. பலர் கை கொடுத்த பணியே நிலைக்கும்.

ஆதலின் இவ்வாண்டு மூன்று செயல்களை மேற்கொள்வோம். கடவுச்சொல்லை மூன்று பொறுப்பாளர் அறியட்டும். திங்கள்தோறும் படியெடுத்து, இரண்டு இடங்களில் வைப்போம். செய்யும் மாற்றம் ஒவ்வொன்றையும் நாளிட்டு ஏட்டில் எழுதுவோம். பெற்றோர் குரலைப் பிள்ளைகள் என்றும் தடையின்றிக் கேட்கட்டும்!