விசா தேதியும் விவாக பந்தமும்

(எலெக்ட்ரானிக் சிட்டி பகுதி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் வக்கீல் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, அரசாங்கத்தில் பல வருஷங்கள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். கோப்பில் மனுஷனின் நல்ல எண்ணம் தெரியாது, தேதிதான் தெரியும். இன்று பேசப்போவதன் சாரமும் அதுவே.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடம் ஒரு காலத்தில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்ற கிராமங்களைச் சேர்ந்த நிலம். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ல் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை மெட்ரோவும் வந்துவிட்டது. இங்கே வேலைக்கு வந்த நம் குழந்தைகள் இங்கிருந்தே உலகம் முழுவதும் போகிறார்கள். போன இடத்தில் மனசுக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். வெளிநாட்டு மாட்டுப்பெண் நம் ஆத்துக்கு வருகிறாள்; நம் பெண் வெளிநாட்டில் குடும்பம் நடத்தப் போகிறாள். சம்மதமா இல்லையா என்பது அவரவர் குடும்ப விஷயம், அதற்குள் நான் போகவில்லை. சம்மதித்த பிறகு வரும் காகித விஷயம் மட்டுமே என் பேச்சு.

பலரும் செய்யும் தப்புக் கணக்கு இதுதான்: “டூரிஸ்ட் விசாவில் வரட்டும், கல்யாணத்தை முடித்துவிடலாம், அப்புறம் இங்கேயே நீட்டித்துக் கொள்ளலாம்.” இதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, விருந்தாளியாகத் தங்க அனுமதித்த நாட்களின் கடிகாரம். மற்றொன்று, கணவன் மனைவி என்ற உறவை அரசாங்கம் ஒப்புக்கொள்ள எடுக்கும் காலத்தின் கடிகாரம். இரண்டாவது ஓடுகிறது என்பதற்காக முதலாவது தானாக நிற்காது. எந்த நாட்டில், எந்த விண்ணப்பம் போட்டால் அது நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் நம் தேசத்தையே எடுத்துக் கொள்வோம். ஒரு பெண் 30 நாள் இ-டூரிஸ்ட் விசாவில் பெங்களூர் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹிந்து விவாகச் சட்டம், 1955, இரு தரப்பும் ஹிந்துவாக இருந்தால்தான் செல்லும். அவள் வேறு மதத்தவளானால், ஹோமம் வளர்த்து சப்தபதி முடித்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் அது விவாகமாகாது. 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அதில், இருவரில் ஒருவராவது அந்த ஜில்லாவில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். பையன் இங்கேயே இருப்பதால் அது சரியாகிவிடும். ஆனால் நோட்டீஸ் கொடுத்து, அது ஒட்டப்பட்டு, ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும். வந்த ஐந்தாம் நாளே நோட்டீஸ் கொடுத்தாலும் கல்யாணத்துக்கு முன்னால் விசா முடிந்துவிடுகிறது. இது ஒன்றாம் வகுப்புக் கூட்டல். ஆனால் மண்டபம் புக் செய்யும் அவசரத்தில் இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இ-விசாவை நீட்டிக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ முடியாது என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஓராண்டு, ஐந்தாண்டு இ-விசாவிலும் ஒரு தடவை வந்தால் தொடர்ந்து எத்தனை நாள் தங்கலாம் என்று வரம்பு உண்டு. தூதரகத்தில் வாங்கிய சாதாரண டூரிஸ்ட் விசாவில் வந்தவர் இந்தியரை மணந்தால், அதை எக்ஸ்-2 என்னும் நுழைவு விசாவாக மாற்ற மனு போட விதியில் இடம் இருக்கிறது. அதற்குப் பதிவு செய்த கல்யாண சர்டிபிகேட் வேண்டும். இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்ற விசாரணை அறிக்கையும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். விசா உயிரோடு இருக்கும்போதே மனு போட வேண்டும். நாள் போதாது என்று தெரிந்தால், கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு, பெண் தன் ஊருக்குத் திரும்பி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எக்ஸ்-2 விசா வாங்கி வருவதே நிம்மதி. ஒரு விமான டிக்கெட் செலவு தண்டம் போலத் தோன்றும். ஆனால் கறை இல்லாத பாஸ்போர்ட் அதைவிட மதிப்புள்ளது.

இதற்கெல்லாம் அலுவலகம் எஃப்.ஆர்.ஆர்.ஓ. பெங்களூரில் சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தில் இருக்கிறது. 2018 முதல் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற இணையதளத்திலேயே மனு செய்யலாம். கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவானால், வந்த 14 நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இன்னொன்று, வீட்டுக்காரர்களான நம் கடமை. வெளிநாட்டவர் நம் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை அனுப்ப வேண்டும். படிவம் ‘சி’ என்று வெகுகாலம் வழங்கிய ஏற்பாடு இது. ஹோட்டலுக்குத்தானே என்று இருந்துவிடாதீர்கள், வீட்டுக்கும் உண்டு.

1946-ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் இப்போது இல்லை. அதையும் வேறு சில பழைய சட்டங்களையும் நீக்கி, 2025-ஆம் வருஷத்துக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ளது. விசா முடிந்தும் தங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “கல்யாணம் ஆனவள்தானே” என்பது இதற்கு பதில் ஆகாது.

அடுத்த படி ஓ.சி.ஐ. அட்டை. பதிவான திருமணம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நீடித்திருந்தால் இந்தியரின் வெளிநாட்டு மனைவியோ கணவரோ இதற்கு மனு செய்யலாம். பாகிஸ்தான், வங்கதேசத்துடன் பிரஜாவுரிமைத் தொடர்பு உள்ளவர்களுக்கு இது கிடையாது. ஆகவே வரவேற்பு முடிந்த கையோடு பதிவையும் முடித்துவிடுங்கள். வெளிநாட்டில் நடந்த கல்யாணமானால், அங்கத்திய சர்டிபிகேட்டில் அப்போஸ்டில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓ.சி.ஐ. வந்தால் ஒவ்வொரு முறையும் விசா, நீட்டிப்பு என்று அலைய வேண்டாம். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. பிரஜாவுரிமையே வேண்டுமானால் ஏழு ஆண்டு இங்கே வசித்த பிறகு மனு செய்யலாம்.

இனி நம் பெண்கள் பக்கம் வருவோம். அமெரிக்காவில் பாஸ்போர்ட்டில் உள்ள விசா பத்து வருஷம் என்று இருக்கும். ஆனால் தங்கும் நாளைச் சொல்வது ஐ-94 பதிவுதான், பெரும்பாலும் ஆறு மாதம். நீட்டிக்க வேண்டுமானால் அது முடியும் முன் ஐ-539 மனு போட வேண்டும். அமெரிக்கப் பிரஜையை மணந்தவர், முறைப்படி நுழைந்திருந்தால், அங்கிருந்தே கிரீன் கார்டுக்கு மனு செய்ய வழி உண்டு. ஆனால் தங்கிவிடும் எண்ணத்தோடு விருந்தாளி என்று சொல்லி நுழைந்தால் அது பொய்யுரை. வாழ்நாள் முழுவதும் துரத்தும். அந்த மனு நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் வாங்காமல் இந்தியா வந்தால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டும், ஒரு வருஷத்துக்கு மேலானால் பத்து ஆண்டும் திரும்ப நுழையத் தடை.

பிரிட்டனில் விருந்தாளி விசாவில் இருந்துகொண்டு மனைவி விசாவுக்கு மாறவே முடியாது; வெளியே வந்துதான் மனு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் விசாவில் 8503 என்ற நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பொதுவாக அங்கிருந்தே அடுத்த விசா கேட்க முடியாது. இல்லாவிட்டால், துணைவர் விசாவுக்கு அங்கே மனு செய்தால், பழைய விசா முடிந்தபின் பிரிட்ஜிங் விசா கைகொடுக்கும். முதல் கடிகாரத்தை நிறுத்தும் ஏற்பாடு என்று நான் சொன்னது இதைத்தான். நியூஸிலாந்தில் துணைவர் மூலம் நிரந்தர வாசம் பெற 12 மாதம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பெரியோர் பார்த்து முடிக்கும் கல்யாணத்தில் முன்கூட்டிச் சேர்ந்து வாழ்ந்த சாட்சி ஏது? அதற்காகவே அங்கே மூன்று மாத விசிட்டர் விசா ஒன்று தனியாக வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம். இந்தக் காகிதங்கள் எல்லாம் கணவன் கையெழுத்தில் தொங்குகின்றன. தங்கும் உரிமையே கணவனின் தயவு என்றாகிவிட்டால், ஒரு பெண்ணால் வீட்டில் வாய் திறந்து நியாயம் கேட்க முடியுமா? நம் சட்டத்திலும் கல்யாணம் கோர்ட்டில் ரத்தானால், மனைவி என்ற முறையில் கிடைத்த ஓ.சி.ஐ.யை ரத்து செய்ய இடமிருக்கிறது. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி, கொடுமைக்கு ஆளான மனைவி கணவனைக் கேட்காமலே தானாக மனு செய்யலாம். ஆஸ்திரேலியாவிலும் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள். நம் பெண்ணை அனுப்பும்போது நகைப் பட்டியலோடு இதையும் சொல்லி அனுப்புங்கள். அவள் பாஸ்போர்ட்டும், கல்யாண சர்டிபிகேட்டும், மனு போட்ட ரசீதும் அவள் கையில் இருக்கட்டும். ஒரு நகல் பிறந்தகத்தில் இருக்கட்டும்.

அதே நியாயம் நம் ஆத்துக்கு வந்த பெண்ணுக்கும் வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று மாட்டுப்பெண்ணின் பாஸ்போர்ட்டை வாங்கி மாமியார் பீரோவில் வைத்துப் பூட்டுவது அன்பாகாது. அவள் பெற்றோர் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். அவளுடைய விசா எப்போது முடிகிறது என்று மாமனாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தால், அது அவளுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆகவே முகூர்த்த நாள் பார்க்கும்போது பஞ்சாங்கத்தோடு விசா பக்கத்தையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. மனு போடும் வாரத்தில் அந்தந்த அரசின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். சிக்கல் இருந்தால் தெரிந்த மாமாவைக் கேட்காமல், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தேர்ந்த வக்கீலைக் கேளுங்கள்.