வலி போக்கிய தூள்



தலையிடி என்றதும் குளிகையொன்றை விழுங்கிவிட்டுக் கருமம் பார்ப்பது நம்மில் அநேகருக்கு வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் முற்றினால் யாது விளையும் என்பதற்குச் சுவீடன் நாட்டின் ஹுஸ்க்வர்ணா என்னும் தொழிற்பட்டினம் சான்று பகரும்.

1918ஆம் ஆண்டில் இன்புளுவென்சாக் காய்ச்சல் பரவியபோது, அவ்வூர் வைத்தியர் ஒருவர் பெனசிற்றின் முதலியன கலந்த தூளொன்றை வழங்கினார். காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர், நோவில்லாத நாளிலும் வேலையிற் சுறுசுறுப்பு வேண்டி அதனை உட்கொண்டனர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருடைய சிறுநீரகங்கள் பழுதுற்றன. இத்தகைய மருந்துகளை நெடுங்காலம் உண்டோரின் சிறுநீரகத்திற் புற்றுநோயும் தோன்றுவதைச் சுவீடன் மருத்துவர்கள் 1965இல் எடுத்துக்காட்டினர். ஐக்கிய அமெரிக்கா 1983இல் பெனசிற்றினை விலக்கியது.

இன்று நாம் உண்ணும் பரசிற்றமோல், பெனசிற்றின் உடலினுள் மாறும்போது உண்டாகும் பொருளே. எனினும், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதனைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் வைக்கவில்லை. ஆகவே வீண் அச்சம் வேண்டா; ஆனால் அளவு மீறினால் ஈரல் கெடும். அஸ்பிரினோ, பரம்பரையாக வரும் ஒருவகைப் பெருங்குடற் புற்றுநோயைக் குறைக்கவல்லது. அதுவே இரைப்பையில் இரத்தம் கசியவும் செய்யும். எனவே வைத்தியர் சொல்லாது அதனைக் காப்பாகக் கொள்ளலாகாது.

நேயர்களே, வலி என்பது உடல் நமக்கு விடுக்கும் அறிவித்தல். நாள்தோறும் குளிகை வேண்டியிருப்பின், நாடவேண்டியது மருந்துக் கடையையன்று, வைத்தியரையே.