ஒரு புள்ளியும் ஒரு சாட்சியும்



இலக்கிய நிகழ்ச்சியிலே மோட்டார்ப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பந்தயப் பருவம் முடிந்த விதத்தைச் சொல்கிறேன். பிறகு நீங்களே தீர்மானியுங்கள்.

1958ஆம் ஆண்டு. போர்முலா வன் உலகச் சம்பியன் பட்டத்துக்கு முன்னணியில் நின்றவர்கள் இருவர், இருவரும் ஆங்கிலேயர். ஒருவர் வன்வோல் கார் ஓட்டிய ஸ்டேர்லிங் மொஸ். மற்றவர் பெராரி கார் ஓட்டிய மைக் ஹோதோர்ன். முதலிடத்துக்கு 8 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 6, அதிவேகச் சுற்றுக்கு 1. ஒருவருடைய சிறந்த ஆறு பெறுபேறுகளே இறுதிக் கணக்கிலே சேரும்.

ஓகஸ்ட் மாதத்திலே போர்த்துக்கல் நாட்டின் ஒப்போர்ட்டோ நகர வீதிகளில் நடந்த போட்டியில் மொஸ் வென்றார். இரண்டாவதாக வந்த ஹோதோர்னுக்குக் கடைசிச் சுற்றிலே ஒரு சங்கடம் நேர்ந்திருந்தது. கார் சுழன்று நின்றுவிட்டது. அதை மீண்டும் இயக்குவதற்காகப் பந்தயத் திசைக்கு எதிராகச் செலுத்தினார் என்று குற்றஞ்சாட்டி, அவரைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். அவருக்காகச் சாட்சி சொல்லப் போனவர் யார் தெரியுமா? மொஸ்தான்! ஹோதோர்னின் கார் எதிர்த்திசையிலே சென்றது ஓடுபாதையில் அல்ல, நடைபாதையிலே என்று அவர் எடுத்துரைத்தார். நடுவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஹோதோர்னுக்கு 7 புள்ளிகள் திரும்பக் கிடைத்தன.

ஒக்டோபர் 19ஆம் திகதி. மொறோக்கோவின் கசபிளங்காவிலே இறுதிப் போட்டி. மொஸ் வென்றார், அதிவேகச் சுற்றையும் தனதாக்கிக்கொண்டார். அதற்குமேல் ஓர் ஓட்டுநர் செய்வதற்கு எதுவுமில்லை. ஆனால், சக பெராரி ஓட்டுநரான பில் ஹில் வழிவிட, ஹோதோர்ன் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டார். கணக்குப் பார்த்தார்கள். ஹோதோர்ன் 42, மொஸ் 41. அந்த ஆண்டிலே நான்கு போட்டிகளை வென்றவர் தோற்றார். ஒன்றை மாத்திரமே வென்றவர் சம்பியனானார். ஒப்போர்ட்டோவின் 7 புள்ளிகள் இல்லையென்றால் ஹோதோர்னுக்கு 39தான். பட்டம் மொஸ்ஸுக்கே போயிருக்கும்.

இதைப் பெருந்தன்மை என்று பலரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. கொடை என்றதும் நமக்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். வில்லிபாரதத்திலே அவன் தன் புண்ணியத்தையே தாரைவார்த்தான். அது அவனுடையது, கொடுத்தான். மொஸ் கொடுத்ததோ தன்னுடையதை அல்ல. அந்தப் புள்ளிகள் ஹோதோர்னுடையவை. தனதல்லாத ஒன்று, தான் வாய்மூடி நிற்பதனால் தன்னிடம் வந்து சேர்வதை அவர் விரும்பவில்லை. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரமும் நடுவு நிலைமைக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தது வீணுக்கல்ல. கொடுப்பவனுக்குக் கைதட்டக் கூட்டம் கூடும். கண்டதைச் சொன்னவனுக்குப் பெரும்பாலும் நட்டமே மிஞ்சும்.

மொஸ் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். பேசாமல் இருந்தாலே போதும். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாமும் அப்படித்தானே பழகியிருக்கிறோம்? நமக்கு இடைஞ்சல் வருமென்றால் கண்டதையும் காணவில்லை என்கிறோம். "எங்களுக்கேன் வீண் வம்பு?" என்று படலையைச் சாத்திக்கொள்கிறோம்.

அந்தப் பருவம் எவருக்கும் மகிழ்ச்சியோடு முடியவில்லை. கசபிளங்காவிலே தீக்காயமுற்ற மொஸ்ஸின் சக ஓட்டுநர் ஸ்டுவர்ட் லூயிஸ்-எவன்ஸ் ஆறு நாட்களிலே இறந்தார். ஹோதோர்னின் உற்ற தோழர் பீட்டர் கொலின்ஸ் அதே ஆண்டு ஜேர்மனியப் போட்டியிலே மாண்டிருந்தார். பட்டத்தோடு ஓய்வுபெற்ற ஹோதோர்ன், 1959 ஜனவரியிலே சாதாரண வீதி விபத்தொன்றில் உயிரிழந்தார். வயது 29. மொஸ் 2020ஆம் ஆண்டிலே, தம் தொண்ணூறாவது வயதிலே காலமானார். கடைசிவரை அவர் உலகச் சம்பியனாகவில்லை.

புள்ளிப் பட்டியலிலே 42க்குக் கீழே 41 என்றுதான் இன்றும் இருக்கிறது. அதிலே பிழையில்லை. ஆனால் அந்த 41க்குப் பின்னால் நின்ற மனிதனைப் பட்டியல் சொல்லாது. அதைச் சொல்வதற்குக் கதை வேண்டியிருக்கிறது. இலக்கிய நிகழ்ச்சியிலே இதைப் பேசியதற்கு அதுவே காரணம்.