உடல்வலிமையும் மாணவர் உள்ளமும்



உடற்பயிற்சியின் நன்மைகளை அறியாதார் இச்சபையில் இலர். தம் உடல்வலிமையைப் பற்றி மாணவர் தாமே என்ன எண்ணுகின்றனர் என்பதையே இன்று ஆராய விரும்புகின்றோம். "என்னால் இயலாது" என்று எண்ணும் பிள்ளை மைதானத்துக்கு வருவதில்லை. வராமையால் அவ்வெண்ணம் மெய்யாகியும் விடுகின்றது.

"வேகமாக ஓடுபவர் யார்?" என்று முதலாம் வகுப்பிற் கேட்டால், பெரும்பாலும் எல்லோரும் கை உயர்த்துவர். முயற்சியையும் திறமையையும் பிரித்தறியும் வயதன்று அது. நன்றாக முயன்றவனே கெட்டிக்காரன் என்பது அவர்கள் கணக்கு. 7, 8 வயதளவில் அயலவனோடு தன்னை ஒப்பிடும் வழக்கம் தொடங்கி, 12 வயதளவில் முற்றுகின்றது. அமெரிக்க உளவியலறிஞர் சூசன் ஹார்ட்டர் 1982இல் வெளியிட்ட அளவுகோல், கல்வித் திறன் பற்றிய பிள்ளையின் எண்ணத்தையும் உடற்றிறன் பற்றிய எண்ணத்தையும் தனித்தனியே அளந்தது. படிப்பில் துணிவுள்ள பிள்ளை மைதானத்தில் துணிவிழந்து நிற்கலாம் அன்றோ?

இடைநிலை வகுப்புகளிற் பருவமாற்றமும் சேர்கின்றது. வளர்ச்சி சற்றுப் பிந்தியவன் தன்னைப் பலவீனன் என்று முடிவு கட்டுகின்றான். பெண்பிள்ளைகள் பிறர் பார்வைக்கு நாணி ஒதுங்குகின்றனர். 9ஆம் தரம் வரை எல்லோரும் கற்கும் சுகாதாரமும் உடற்கல்வியும், சாதாரண தரத்தில் விரும்பியோர் தெரிவுசெய்யும் பாடமாகின்றது. மாலைப் பொழுதை டியூஷன் கவர்கின்றது. 2016ஆம் ஆண்டின் உலக நிலைபற்றி உலக சுகாதார நிறுவனத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுவரையான பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் நாளொன்றுக்கு ஒரு மணி நேர உடலியக்கம் பெறவில்லை. ஆண்பிள்ளைகளில் 78 பேர், பெண்பிள்ளைகளில் 85 பேர்.

நம் பகுதியைப் பாருங்கள். ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் மேடும் பள்ளமும் நடந்து பள்ளி செல்லும் பிள்ளை, ஓட்டப்போட்டியிற் பரிசில்லை என்பதால் தன்னை வலுவற்றவள் என்கின்றாள். அந்நடையும் வலிமையே என்று அவளுக்கு யார் சொன்னோம்?

வாலிபர்களே, ஒப்பீட்டை மாற்றுவோம். ஒரே மேட்டில் ஒரே வேகத்தில் ஏறி, ஒரு நிமிடம் ஓய்ந்தபின் நாடித்துடிப்பை எண்ணி எழுதிவைக்கச் சொல்வோம். சில வாரப் பயிற்சியின்பின் எண்ணிக்கை குறைவதைப் பிள்ளை தானே காண்பாள். நேற்றைய தன்னையே அவள் வென்றிருப்பாள்.

பெரியோர்களே, "நோஞ்சான்", "குண்டன்" என்று விளையாட்டாகச் சூட்டும் பட்டங்களை விட்டொழிப்போம். பரிசு மூவருக்கே, மைதானமோ எல்லோருக்கும் உரியது.